ஹீப்ரூவில் எழுதும் பாலஸ்தீன நிருபர்: அதல்லா மன்சூரும் பின்வந்தவர்களும்

இஸ்ரேலில் வெளிவரும் ஹீப்ரூ பத்திரிகையில் ஒரு பாலஸ்தீனர் நிருபராக இருக்க முடியுமா, இருந்தால் அன்றாட வேலை எப்படி நடக்கும், சொந்த ஊர் அவரை எப்படிப் பார்க்கும் என்பது கேள்வி. முடியும். 1950களிலிருந்தே இருக்கிறார்கள்.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாலஸ்தீனரின் கையில் எந்த அடையாள அட்டை இருக்கிறதோ அதுதான் அவருடைய வேலையின் எல்லையைத் தீர்மானிக்கிறது. 1948 போர் முடிந்தபோது இஸ்ரேலாகிவிட்ட நிலப்பரப்புக்குள் சுமார் ஒன்றரை லட்சம் பாலஸ்தீனர்கள் எஞ்சியிருந்தார்கள். அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. அவர்களின் வழிவந்தவர்கள் இன்று நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அரபி வழிப் பள்ளியில் படிக்கிறார்கள், தொடக்கப் பள்ளியிலேயே ஹீப்ரூவும் ஒரு பாடம். கிழக்கு ஜெருசலேம்காரர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது நிரந்தரவாசி அட்டை மட்டுமே. மேற்குக் கரையிலும் காஸாவிலும் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் டெல் அவீவுக்குள் கால் வைக்க முடியாது. ஆகவே ஹீப்ரூ ஊடகத்தில் நிருபராக இருக்கும் பாலஸ்தீனர் என்றால் அநேகமாக முதல் வகைக்காரர்தான்.

அவர் ஏன் அரபியில் எழுதாமல் ஹீப்ரூவில் எழுத வேண்டும்? கிராமத்தின் நிலத்தை எடுக்கும் ஆணையில் கையெழுத்திடும் அதிகாரி, அந்த ஆணையை எதிர்த்து வரும் மனுவை விசாரிக்கும் நீதிபதி, நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்ப வேண்டிய உறுப்பினர், எல்லோரும் காலையில் படிப்பது ஹீப்ரூ பத்திரிகையை. அரபிப் பத்திரிகையில் வந்தால் பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்கு நடந்ததையே திரும்பப் படிப்பார்கள். ஹீப்ரூவில் வந்தால் அதைச் செய்தவர்கள் படிப்பார்கள். இந்தத் தொழிலின் பலமும் பாரமும் இதில்தான் இருக்கின்றன. எதிரே உட்கார்ந்து படிப்பவருக்கு ஒவ்வொரு எண்ணையும் மறுக்கக் காரணம் உண்டு, மறுக்கும் வசதியும் உண்டு.

இந்த வழியில் முதலில் நடந்தவர் அதல்லா மன்சூர். 1934-இல், இன்றைய இஸ்ரேலின் வடக்கே உள்ள மேல் கலிலேயாவின் ஜிஷ் கிராமத்தில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 1948 அக்டோபர் கடைசியில், ஹீராம் படை நடவடிக்கையில், ஜிஷ் இஸ்ரேலியப் படையின் கைக்கு வந்தது. பக்கத்துக் கிராமமான கஃப்ர் பிரிம் மக்களைச் சில நாட்களில் திருப்பி அனுப்புவோம் என்று சொல்லி வெளியேற்றினார்கள். அவர்களில் பலர் ஜிஷ்ஷிலேயே தங்கிவிட்டார்கள். நீதிமன்றம் வரை போயும் திரும்ப முடியவில்லை. 1953 செப்டம்பரில் விமானப்படை அந்தக் கிராமத்தின் வீடுகளைக் குண்டு போட்டுத் தகர்த்தது. உயிரோடிருக்கும் ஒரு கிராமம் காகிதத்தில் எப்படி இல்லாமல் ஆகிறது என்பதை அந்தத் தலைமுறை இளைஞர்கள் வீட்டு வாசலிலிருந்தே பார்த்தார்கள்.

1950களின் தொடக்கத்தில் இடதுசாரி சியோனிஸ்டுகளின், அதாவது யூதத் தேசிய இயக்கத்தாரின், கிப்புட்ஸ் எனப்படும் கூட்டுப் பண்ணைகள் சில, அரபு இளைஞர்களைத் தங்கவைத்து வேலையும் மொழியும் கற்றுக்கொடுக்கும் திட்டம் ஒன்றை நடத்தின. மன்சூர் அப்படி ஷாஅர் ஹஅமகீம் கிப்புட்சில் தங்கி ஹீப்ரூவில் தேர்ந்தார். பாடப்புத்தக ஹீப்ரூவுக்கும் சாப்பாட்டுக் கூடத்தில் பேசுகிற ஹீப்ரூவுக்கும் உள்ள தூரம் பெரிது. நிருபருக்குத் தேவைப்படுவது இரண்டாவது. 1954-இல் யூரி அவ்னேரி நடத்திய ஹஓலாம் ஹஸெ வார இதழில் எழுதத் தொடங்கினார். அரசை, குறிப்பாக ராணுவ ஆட்சியை, விடாமல் குடைந்த பத்திரிகை அது. 1950களின் கடைசியில் ஹாரெட்ஸ் நாளிதழ் அவரை எடுத்துக்கொண்டது. கெர்ஷோம் ஷோக்கன் ஆசிரியராக இருந்த காலம். முப்பதாண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். பெரிய ஹீப்ரூ நாளிதழ் ஒன்றில் நிலையான இடம் பெற்ற முதல் அரபு நிருபர் என்று அவரைச் சொல்வது வழக்கம்.

அன்று அவருக்கு முன்னிருந்த வேறு வழிகளையும் பார்க்க வேண்டும். அரபியில் எழுத நினைத்தால் கம்யூனிஸ்ட் கட்சியின் அல்-இத்திஹாத் இருந்தது. 1944-இல் ஹைஃபாவில் தொடங்கியது, துணிச்சலான பத்திரிகை, ஆனால் கட்சிப் பத்திரிகை. இல்லையென்றால் அரசின் ஆதரவோடு நடந்த அல்-யவ்ம். கட்சியும் வேண்டாம், அரசும் வேண்டாம் என்பவருக்கு அரபியில் இடமே இல்லை. மன்சூரின் தேர்வை மொழிப்பற்றின் அளவுகோலால் மட்டும் அளப்பவர்கள் இந்த நிலவரத்தை மறந்துவிடுகிறார்கள்.

1948 அக்டோபரிலிருந்து 1966 டிசம்பர் வரை இஸ்ரேலின் அரபுக் குடிமக்கள் ராணுவ ஆட்சியின் கீழ் இருந்தார்கள். பிரிட்டிஷார் 1945-இல் போட்ட அவசரகாலப் பாதுகாப்பு விதிகளின் 125-ஆம் விதியைக் கொண்டு ஒரு பகுதியை மூடிய பகுதியாக அறிவித்துவிடலாம். அங்கிருந்து வெளியேறவும் உள்ளே போகவும் ராணுவ ஆளுநரின் சீட்டு வேண்டும். செய்தி சேகரிப்பில் இது என்ன செய்தது என்று யோசியுங்கள். நிருபரோடு பேசுகிற கிராமத்துக்காரருக்கு மறுநாள் வேலைக்குப் போகச் சீட்டு வேண்டும். ஆசிரியர் வேலைக்குப் பாதுகாப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். எனவே பெயர் சொல்லிப் பேச ஆள் கிடைக்காது. பெயரில்லாத செய்தியை டெல் அவீவில் உள்ள ஆசிரியர் மேசை நம்பாது. இந்த இடுக்கில்தான் மன்சூர் தலைமுறை வேலை செய்தது. பேசியவரின் பெயர் இல்லாமலே செய்தி நிற்க வேண்டுமானால் ஆணையின் நகல், நீதிமன்ற மனு, உள்ளூர் மன்றக் கூட்டக் குறிப்பு என்று காகிதம் கையில் இருக்க வேண்டும்.

செய்தி அனுப்பும் முறையும் கடினம். நாசரேத்திலிருந்து டெல் அவீவ் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நிருபர் போனில் சொல்ல, மறுமுனையில் ஒருவர் தட்டெழுதுவார். பொதுத் தொலைபேசிக்கு நடுவில் துளையிட்ட உலோக வில்லைகள் வேண்டும், கிராமங்களில் போனே அரிது. எழுதியதை வாசித்துக் காட்டும்போது ஊர்ப் பெயரும் ஆள் பெயரும்தான் அதிகம் சிதையும். ஹீப்ரூ எழுத்தில் உயிர்க்குறி பொதுவாகப் போடுவதில்லை, அரபியின் சில மெய்களுக்கு நேரான எழுத்தும் இல்லை. ஜிஷ் கிராமத்துக்கே ஹீப்ரூ வழக்கில் கூஷ் ஹலாவ் என்று வேறு பெயர். மறுநாள் பத்திரிகையில் தன் பெயரைத் தப்பாகப் பார்த்த ஊர்த்தலைவர் அடுத்த முறை பேசமாட்டார். சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் ஒரு நிருபர் தன் வட்டாரத்தை இழப்பது பெரும்பாலும் இப்படிச் சின்ன விஷயங்களால்தான்.

ராணுவத் தணிக்கை வேறு. 1956 அக்டோபர் 29-ஆம் தேதி கஃப்ர் காசிமில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மாலை 5 மணிக்கு ஊரடங்கு என்று ஊர்த்தலைவரிடம் 4.30-க்குச் சொன்னார்கள். வயலிலும் குவாரியிலும் இருந்தவர்களுக்குத் தகவல் போக வழியில்லை. வேலை முடிந்து திரும்பியவர்களை எல்லைக் காவல் படையினர் சுட்டார்கள். நினைவுச் சின்னத்தில் 49 பேர். பத்திரிகைகளில் வாரக்கணக்கில் முழு விவரம் வரவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் தவ்ஃபீக் தூபியும் மேயர் வில்னரும் நவம்பரில் கிராமத்துக்குள் நுழைந்து சாட்சியங்களைத் திரட்டிச் சுற்றுக்கு விட்டார்கள். பிரதமர் பென் குரியன் நாடாளுமன்றத்தில் பேசியது டிசம்பர் 12-இல். பிறகு வழக்கு நடந்தது, சிலருக்குத் தண்டனையும் கிடைத்தது, சில ஆண்டுகளுக்குள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். படைப்பிரிவுத் தளபதிக்கு விதித்த அபராதம் 10 புரூட்டா, அதாவது ஒரு காசு. கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்ததை நாட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று தேவையில்லை. இடையில் அறுந்திருந்த கம்பிதான் ஹீப்ரூ அறிந்த அரபு நிருபரின் இடம்.

மன்சூர் செய்தியோடு நிற்கவில்லை. 1966-இல் வெளிவந்த பெஓர் ஹதாஷ் என்ற அவருடைய நாவல், அரபு எழுத்தாளர் ஒருவர் ஹீப்ரூவில் எழுதிய முதல் நாவல். யூதனாக வளர்ந்த அரபுப் பையன், கிப்புட்சில் உறுப்பினர் உரிமை கேட்டு நிற்பதுதான் கதை. சமத்துவம் பேசுகிறவர்களின் வீட்டுக்குள்ளேயே கதையைக் கொண்டுபோய் வைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 1975-இல் லண்டனில் அவருடைய தன்வரலாறு ஆங்கிலத்தில் வந்தது.

இனி வேலையின் உட்பகுதி. இந்த வட்டாரத்தில் பாதிச் செய்திகள் நிலத்தைப் பற்றியவை. 1976-இல் கலிலேயாவில் சுமார் 20,000 டூனம் (அங்கே வழங்கும் நில அளவு) நிலத்தைக் கையகப்படுத்தும் திட்டம் வந்தது. அதில் ஒரு பகுதி அரபுக் கிராமங்களுக்குச் சொந்தம். எதிர்த்து மார்ச் 30-இல் பொது வேலைநிறுத்தம். ராணுவமும் போலீசும் 6 பேரைக் கொன்றன. நில நாள் என்று ஆண்டுதோறும் நினைவுகூர்வது அதைத்தான். இப்படி ஒரு செய்தியை ஹீப்ரூவில் நிற்கும்படி எழுத என்ன செய்ய வேண்டும்?

ஊரில் நிலத்துக்கு வழங்கும் பெயர் ஒன்று, அரசுக் கோப்பில் அது ஒரு தொகுதி எண், அதற்குள் ஒரு மனை எண். விவசாயி சொல்வது ஓடைக்கு மேற்கே உள்ள அத்திமரக் காடு. அதிகாரபூர்வ அரசிதழில் வருவது எண் மட்டும். இரண்டும் ஒரே இடம்தானா என்பதை நில அளவை வரைபடத்தை வைத்து நிருபரே பொருத்திப் பார்க்க வேண்டும். பிறகு நிலப்பதிவு அலுவலகத்தில், ஊர் வழக்கில் தாபு, அந்த மனைக்கான சான்று எடுக்க வேண்டும். குடும்பத்திடம் இருப்பது ஒட்டோமான் காலத்துக் கூஷான் பத்திரமாக இருக்கலாம். இங்கேதான் கோட்டைவிடுவார்கள். ஒட்டோமான் டூனம் ஏறக்குறைய 919 சதுர மீட்டர். 1928-இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த மெட்ரிக் டூனம் 1,000 சதுர மீட்டர். பத்திரத்தில் 100 டூனம் என்றால் இன்றைய கணக்கில் 92. மாற்றாமல் எழுதினால், எட்டு சதவீத வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு முழுச் செய்தியும் பொய் என்று அரசுப் பேச்சாளர் அறிக்கை விடுவார். செய்தி சாகும், நிலமும் போகும்.

அடுத்தது பயிர்செய்த கணக்கு. 1858-ஆம் ஆண்டு ஒட்டோமான் நிலச்சட்டத்தில் 10 ஆண்டு தொடர்ந்து உழுதவருக்கு உரிமை உண்டு. இஸ்ரேல் 1958-இல் அதை 15 ஆக்கியது. உழுதீர்களா இல்லையா என்பதற்கு அரசு நீதிமன்றத்தில் காட்டுவது பிரிட்டிஷ் விமானப்படை 1945 வாக்கில் எடுத்த வான்படங்களை. படம் எந்த மாதம் எடுத்தது என்று கேட்காமல் செய்தி எழுதக் கூடாது. கோதுமை அறுத்துத் தரிசாகக் கிடக்கும் கோடையில் எடுத்த படத்தில் எந்த வயலும் வெறுமையாகத்தான் தெரியும். பாறைச் சரிவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும் ஒலிவ மரமும் அளவைக் கண்ணுக்கு விவசாயமாகப் படுவதில்லை. அந்த ஊரில் வளர்ந்த நிருபருக்கு இது பார்த்ததும் தெரியும். டெல் அவீவ் மேசைக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

மேசையோடு நடக்கும் இழுபறிதான் இந்த வேலையில் ஆளைத் தேய்ப்பது. தலைப்பை நிருபர் எழுதுவதில்லை. போலீஸ் சொன்னது அப்படியே உண்மைபோல வாக்கியமாகும்; கிராமத்தார் சொன்னதற்கு மட்டும் "என்று கூறுகின்றனர்" ஒட்டிக்கொள்ளும். அனுபவப்பட்டவர்கள் செய்வது இது: முதல் பத்தியில் இரு தரப்புக்கும் ஒரே மாதிரி சொன்னவர் பெயர் போடுவார்கள். ஆவண எண்ணையும் நேரத்தையும் முதல் மூன்று வரிக்குள் கொண்டுவந்துவிடுவார்கள், ஏனென்றால் இடம் பற்றாமல் வெட்டும்போது கீழிருந்துதான் வெட்டுவார்கள். "இஸ்ரேலிய அரபிகள்" என்று எழுதுவதா, "இஸ்ரேலின் பாலஸ்தீனக் குடிமக்கள்" என்று எழுதுவதா என்ற சண்டை தினமும் உண்டு. முன்னதை எழுதினால் ஊரில் கேள்வி, பின்னதை எழுதினால் அலுவலகத்தில் கேள்வி. விவரம் தெரிந்தவர் பல இடங்களில் இரண்டையும் தவிர்த்து "சக்னீன்வாசிகள்" என்று ஊர்ப்பெயரால் எழுதி, ஆற்றலைச் செய்தியின் உண்மைக்கு மிச்சம் பிடிப்பார். அதுவே மேல் என்பது என் கருத்து.

போலீஸ் அறிக்கை தலைப்பாக மாறுவதற்கு நெருக்கமாகப் பார்க்க வேண்டிய எடுத்துக்காட்டு நெகேவ் பாலைவனத்தின் உம் அல்-ஹிரான். ராணுவ ஆட்சி 1956-இல் அபு அல்-கியான் குலத்தாரைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் அது. அரசு கடைசி வரை அதைக் கிராமமாக அங்கீகரிக்கவில்லை. அதே இடத்தில் ஹிரான் என்ற யூதக் குடியிருப்பு கட்டத் திட்டமிட்டார்கள், 2015-இல் உச்ச நீதிமன்றம் வெளியேற்றத்துக்குத் தடையில்லை என்றது. 2017 ஜனவரி 18 விடிவதற்குள் வீடுகளை இடிக்கப் பெரும் போலீஸ் படை வந்தது. ஆசிரியரான யாகூப் அபு அல்-கியான் தன் காரில் கிளம்பினார். போலீஸ் சுட்டது, கார் சரிவில் ஓடி ஒரு போலீஸ்காரர் மீது மோதியது, இருவரும் இறந்தார்கள். சில மணி நேரத்தில் போலீசும் அமைச்சரும் இதை வேண்டுமென்றே காரை ஏற்றிய பயங்கரவாதத் தாக்குதல் என்று அறிவித்தார்கள், ஐஎஸ் பயங்கரவாத அமைப்போடு தொடர்பும் சொன்னார்கள். காலைத் தலைப்புகள் அப்படியே போயின.

களத்தில் இருந்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள்: கார் மெதுவாகத்தான் வந்தது, முதலில் கேட்டது துப்பாக்கிச் சத்தம். வரிசைதான் இங்கே எல்லாம். போலீஸ் தானே வெளியிட்ட ஹெலிகாப்டர் வெப்பப் படக் காட்சியை, தரையிலிருந்து எடுத்த வீடியோவின் ஒலியோடு நொடி நொடியாகப் பொருத்தியபோது, கார் வேகமெடுக்கும் முன்பே சுட்டிருப்பது தெரிந்தது. ஆனாலும் 2018-இல் அரசு வழக்கறிஞர் அலுவலகம் யார் மீதும் வழக்கில்லாமல் கோப்பை மூடியது. 2020 செப்டம்பரில், ஹீப்ரூத் தொலைக்காட்சியில் உள் ஆவணங்கள் வெளிவந்த பிறகு, பிரதமர் நெதன்யாகு அது பயங்கரவாதத் தாக்குதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். மூன்றரை ஆண்டு. 2024 நவம்பரில் அந்த ஊரில் மிச்சமிருந்ததையும் இடித்துவிட்டார்கள். இப்படிப்பட்ட காலையில் நிருபர் செய்யக்கூடியது ஒன்றுதான்: "தாக்குதல்" என்ற சொல்லைப் போலீசின் வாயில் விட்டுவிட்டு, எந்த நேரத்தில் எந்தச் சத்தம் என்பதைச் சாட்சிகளிடம் தனித்தனியாகக் குறித்து, செல்போன் வீடியோவின் மூலக் கோப்பை வாங்கி வைப்பது. வாட்ஸாப்பில் வந்த நகலில் நேர விவரம் அழிந்துபோயிருக்கும்.

2000 அக்டோபரில் இஸ்ரேலின் அரபு ஊர்களில் நடந்த போராட்டங்களைப் போலீஸ் சுட்டு அடக்கியதும் அதே பாடம். 13 பேர் கொல்லப்பட்டார்கள், 12 பேர் இஸ்ரேலியக் குடிமக்கள், ஒருவர் காஸாக்காரர். ஓர் ஆணையம் 2003-இல் அறிக்கை கொடுத்தது. குறிபார்த்துச் சுடுபவர்களைக் கொண்டு கூட்டத்தைச் சுட்டது தவறு என்றது. 2008-இல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் எல்லாக் கோப்பும் மூடப்பட்டன.

தணிக்கை இன்றும் இருக்கிறது. பாதுகாப்பு தொடர்பானவற்றை ராணுவத் தணிக்கையாளருக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். 2024-இல் 1,635 கட்டுரைகளை முழுதாகவும் 6,265-ஐ ஓரளவும் தடுத்தார்கள். தணிக்கை நடந்தது என்பதற்கு அடையாளம் வைக்கவும் கூடாது. வெள்ளை இடம் விட முடியாது. ஏற்கெனவே வெளிநாட்டு ஊடகத்தில் வந்திருந்தால் "வெளிநாட்டுச் செய்திகளின்படி" என்று எழுதலாம், அதுதான் எல்லோரும் பயன்படுத்தும் வாசல். இதற்கு மேல் நீதிமன்றங்கள் வெளியீட்டுத் தடை போடும். ஒரு விசாரணையின் பெயர்கள், சில வேளை தடை இருப்பதே கூட, எழுத முடியாமல் போகும்.

போய்ச் சேர்வதும் எளிதில்லை. ராமல்லா, நப்லூஸ், ஜெனின் போன்ற ஏ பகுதி நகரங்களுக்குள், அதாவது மேற்குக் கரையில் பாலஸ்தீன நிர்வாகத்திடம் விடப்பட்ட நகரங்களுக்குள், இஸ்ரேலியக் குடிமக்கள் நுழையக் கூடாது என்று சாலையோரம் சிவப்புப் பலகை நிற்கிறது. நடைமுறையில் அரபுக் குடிமக்கள் உறவினரைப் பார்க்கவும் கடைக்கும் போய்வருகிறார்கள், அரபு நிருபரும் அப்படிப் போவார். யூதச் சக ஊழியருக்கு இல்லாத இந்த வழிதான் அவருடைய தொழில் மூலதனம். காஸா வேறு. 2006 கடைசியிலிருந்து, ராணுவமே கூட்டிப்போகும்போது தவிர, இஸ்ரேலியப் பத்திரிகையாளர் யாரையும் உள்ளே விடுவதில்லை. எனவே காஸாச் செய்தி போனில்தான். அரபியில், அதே பேச்சுவழக்கில் கேட்கிற குரலுக்கு அங்கே போன் எடுக்கிறார்கள். ஆனால் ஹீப்ரூப் பத்திரிகையில் காஸாக்காரர் ஒருவரின் முழுப்பெயர் வந்தால், எதிரிக்குத் தகவல் சொன்னவர் என்று அவரை அங்கேயே பிடிக்கலாம். அதனால் முதலெழுத்தோ முதல்பெயரோ மட்டும் போடுவார்கள். ஊர், வயது, தொழில் மூன்றையும் சேர்த்துப் போடாமல் இருப்பதும் அவசியம்; அந்த மூன்றும் இருந்தால் பெயரே தேவையில்லை. 2023 நவம்பரில் இரண்டு ஆண்டுகளுக்கென வந்த தற்காலிகச் சட்டத் திருத்தம் ஹமாஸ் வெளியீடுகளைத் தொடர்ந்து பார்ப்பதையே குற்றமாக்கியது. பொதுமக்களுக்குத் தகவல் தருவதற்கென அதில் விலக்கு வைத்தார்கள். ஆயினும் டெலிகிராம் சேனல்களைக் கவனிப்பது தன் வேலை என்று எழுத்தில் காட்ட ஆசிரியரின் கடிதம் வைத்திருப்பது நல்லது.

உள்ளூர்க் குற்றம்தான் இன்று இன்னொரு பெரிய பகுதி. அரபுச் சமூகத்துக்குள் நடந்த கொலைகள் 2022-இல் 116, 2023-இல் 244. துப்பு துலங்குவது சொற்பம். போலீஸ் காப்பாற்றாது என்று தெரிந்தே நிருபர் குற்றக் குடும்பங்களின் பெயரை எழுத வேண்டும், எழுதிவிட்டு அதே தெருவில் குடியிருக்கவும் வேண்டும். 2022 செப்டம்பரில் உம் அல்-ஃபஹ்மில் உள்ளூர்ச் செய்தித்தளம் ஒன்றின் உரிமையாளரைச் சுட்டுக் கொன்றார்கள். ராணுவத் தணிக்கை உயிரை எடுப்பதில்லை, இது எடுக்கிறது.

தொலைக்காட்சியில் வேறொரு தடையும் சேர்கிறது, குரல். ஹீப்ரூவில் உள்ள "ப" (p), "வ" (v) ஒலிகள் இரண்டும் அரபியில் இல்லை. "ப" வல்லொலி (p) மெல்லொலியாகச் (b) சரிந்தால் பார்ப்பவர் செய்தியை விட்டு உச்சரிப்பைப் பிடித்துக்கொள்வார். தொண்டையிலிருந்து வரும் ஹெத், ஆயின் ஒலிகளிலோ அரபு நிருபர்தான் சரி; பழைய அரசு வானொலி அறிவிப்பாளர்களிடம் அந்த உச்சரிப்பைத்தான் கேட்டது. 1981-இல் திமோனாவில் பிறந்த லூசி அஹாரிஷ் ஹீப்ரூவின் பெரிய சேனலில் செய்தி வாசித்த முதல் அரபுப் பெண் என்று பெயர் பெற்றார். 2015-இல் இஸ்ரேலின் சுதந்திர நாள் விழாவில் தீபம் ஏற்ற ஒப்புக்கொண்டபோது சொந்தச் சமூகத்தில் கடும் கண்டனம் எழுந்தது. 2018-இல் யூத நடிகரை மணந்தபோது ஆளுங்கட்சி அரசியல்வாதிகள் வெளிப்படையாகவே தாக்கினார்கள். இரு பக்க அடியும் ஒருவர் மேலேயே விழுவது இப்படித்தான்.

குடியுரிமை இல்லாத பாலஸ்தீனரும் ஹீப்ரூவில் பத்திரிகை நடத்தியதுண்டு. ஜெருசலேமை ஒட்டிய அல்-எய்ஸரியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஸியாத் அபு ஸய்யாத், 1986-இல் கெஷர் என்ற ஹீப்ரூப் பத்திரிகையைத் தொடங்கி, ஆக்கிரமிப்பின் கீழ் வாழ்பவர் என்ன நினைக்கிறார் என்பதை இஸ்ரேலியருக்கு நேராகச் சொன்னார். பிற்பாடு பாலஸ்தீன நிர்வாகத்தில் அமைச்சரானார். எதிர்த்திசையில் பெத்லஹேமின் நாசர் லஹாம்: சிறையில் ஹீப்ரூ கற்று, வெளியே வந்து இஸ்ரேலியத் தொலைக்காட்சிச் செய்திகளை அரபியில் பாலஸ்தீனருக்குச் சொன்னவர். பாலஸ்தீனரிடையே நல்ல ஹீப்ரூ பேசுபவர்களில் கணிசமானோர் அதைக் கற்றது சிறையில்தான்.

கட்டுரை எழுதியவர்களில் அன்டன் ஷம்மாஸ், சயீத் கஷுவா இருவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபஸ்ஸூத்தாவில் 1950-இல் பிறந்த ஷம்மாஸ் 1986-இல் வந்த அரபெஸ்கோட் நாவலால் ஹீப்ரூ இலக்கியத்தையே உலுக்கினார்; பிறகு அமெரிக்காவின் மிஷிகனுக்குப் போய்விட்டார். தீராவில் 1975-இல் பிறந்த கஷுவா ஹாரெட்ஸில் வாராவாரம் எழுதிய பத்தியைப் பலர் சிரித்துக்கொண்டே படித்தார்கள். 2014 ஜூலையில், காஸாப் போரும் ஜெருசலேம் தெருக்களில் அரபிகளைத் தேடி அடித்த கும்பல்களும் ஒன்றாக வந்தபோது, சேர்ந்து வாழலாம் என்ற நம்பிக்கை உடைந்துவிட்டதாக எழுதிவிட்டு இலினாய்ஸுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டார். அந்த மொழியை மிக நன்றாக எழுதிய இருவருக்குமே அந்த மொழியின் நாட்டில் இருப்பு கொள்ளவில்லை. மன்சூர் நாசரேத்திலேயே இருந்தார். நிருபருக்கும் எழுத்தாளருக்கும் உள்ள வித்தியாசம் இதில் இருக்கலாம். நிருபருக்கு மறுநாள் காலையில் இன்னொரு கிராமம் காத்திருக்கும்.

இன்று ஹாரெட்ஸில் ஜாக் கூரி, ஷெரீன் ஃபலாஹ் சாப், ஹனீன் மஜாத்லி, ஓதே பிஷாராத் என்று பல கையெழுத்துகள் உண்டு. சேனல் 12-இல் முகமது மஜாத்லி, ஃபுராத் நசார். 2014-இல் தொடங்கிய சிஹா மெகோமித் என்ற இணைய இதழில் பாலஸ்தீனரும் யூதரும் சேர்ந்து ஹீப்ரூவில் எழுதுகிறார்கள். வேலைக்குள் வரும் வழி பெரும்பாலும் ஒன்றே: நாசரேத், ஹைஃபாவின் அரபி வானொலியிலோ செய்தித்தளத்திலோ சில ஆண்டு, பிறகு ஹீப்ரூ ஊடகத்துக்கு அரபு விவகாரம் எழுதுபவராக. அந்த "அரபு விவகாரம்" என்ற அறைக்குள்ளேயே அடைத்துவிடுவதுதான் இன்றும் பெரிய குறை. பொருளாதாரம், சுகாதாரம், நீதிமன்றம் எழுத அரபுப் பெயர் கொண்டவரை அரிதாகவே விடுகிறார்கள். இஸ்ரேலின் மருத்துவர்களிலும் மருந்தாளர்களிலும் அரபிகள் பெரும் பங்கு வகிக்கும்போது, ஹீப்ரூச் செய்தித்தாளின் சுகாதாரப் பக்கத்தை ஓர் அரபு நிருபர் எழுதக் கூடாதென்று எந்தக் காரணமும் கிடையாது. அங்கே அமர்ந்தால்தான் வாசகர் அவரை அரபிகளைப் பற்றிச் சொல்பவராகப் பார்க்காமல் செய்தி சொல்பவராகப் பார்ப்பார்.